வியாகுலத்தின் ரெட்டைப் படகு

காலையில் தங்கச்சி புருஷன் தாசனோடு கடலுக்குப் போன வியாகுலம், மத்தியானம் கரையோரமாகத் தனியாக நடந்து வந்தான். கைலி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கையில் ஒரு துடுப்பு மட்டும். நாங்கள் ஏலக்கூடத்தில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தோம்.

"படகு எங்கல?" என்றார் மிக்கேல் அண்ணன். வியாகுலம் வாயைத் திறந்தாலே குறுக்குக் கேள்வி போடுகிற ஆள் அவர்.

"இருங்கண்ணே, முதல்ல இருந்து சொன்னாத்தான் வெளங்கும்" என்று வலைக் குவியல் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"வெள்ளைக்காரன் நம்ம கட்டுமரத்துப் பேரைக் கொண்டுபோயி, ரெண்டு உடம்பு வச்ச படகுக்குக் 'கேட்டமரான்'னு சூட்டிட்டான். யாராவது கேட்டீங்களா? நான் கேட்டேன். அந்தப் படகையே செஞ்சு பேரைத் திருப்பி வாங்கணும்னு ஈர மணல்ல கால் பெருவிரலால படம் போட்டேன். அழிக்க ஒரு அலை வந்துச்சு. படத்தைப் பாத்துச்சு. நின்னு யோசிச்சிட்டு அப்படியே திரும்பிப் போயிருச்சு."

"தண்ணி வத்துற நேரமா இருக்கும்."

"அண்ணனுக்கு எம்மேல பொறாமை" என்று எங்களைப் பார்த்துக் கண்ணடித்தான். "ரெண்டு உடம்பையும் பைபர்ல செஞ்சு, நடுவுல பலகை போட்டு, பின்னால மோட்டார் மாட்டினேன். ஆடவே ஆடாது. சோதிக்க வந்த மீன்துறை ஆபீசர் ஏறி உக்காந்தாரு. எந்தப் பக்கமும் அசையலையா, ஆபீசுல இருக்கோம்னு நெனச்சுத் தூங்கிட்டாரு. எழுப்பினா, 'நாளைக்கு வாங்க'ங்காரு!"

இதை மட்டும் எல்லாரும் நம்பினோம்.

அதற்குள் தங்கச்சி செலின் ஓடி வந்துவிட்டாள். "அண்ணே, அவரு எங்க?"

"வருவாரும்மா. வேகத்தைச் சொல்லிட்டு இருக்கேன். இன்னைக்கு அடிச்ச அடியில மோட்டார் சத்தத்தை எங்கயோ விட்டுட்டுப் போயிட்டோம். நிறுத்தி வலை போட்டு, கொண்டுபோன கஞ்சியையும் குடிச்சாச்சு. அப்புறந்தான் பின்னால ஒரு மோட்டார் சத்தம் வருது. எவன்டா நம்ம மேல மோத வாறான்னு பாத்தா, நம்ம சத்தம்!"

"எனக்கு அவரு எங்கன்னு தெரியணும்" என்றாள் செலின். மிக்கேல் அண்ணன் ஊசியைக் கீழே வைத்தார்.

வியாகுலம் அவள் முகத்தைப் பார்க்காமல் பேச்சை இன்னும் வேகமாக விட்டான். "ரெண்டு உடம்புக்கும் நடுவுல சந்து இருக்குல்லா, அதுல சீலா மீனெல்லாம் வரிசையில வந்து நிக்குது. நெருக்காதீங்கன்னு துடுப்பால ஒழுங்குபடுத்துதேன். அப்பப் பாத்து ஒரு திமிங்கிலம் முதுகு சொறிய அந்தச் சந்துக்குள்ள நுழைஞ்சுது. சொறிஞ்ச சொகத்துல ஒரு தும்மல் போட்டுச்சு பாருங்க..."

"படகு உடைஞ்சுதால?"

"உடையல. பெருகிச்சு! ஒரு படகோட போனேன், இப்ப எனக்கு ரெண்டு படகு. ஒண்ணுல நான் கரைக்கு வந்தேன். இன்னொண்ணுக்கு மச்சானைத் தலைவனாப் போட்டிருக்கேன்."

செலின் கடலைப் பார்த்து ஓடினாள். நாங்களும் வலையைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினோம். நல்லவேளை, வடக்கேயிருந்து ஒரு வள்ளம் பாதிப் படகை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. தாசனை ரெண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கிக் கூடத்துக்குக் கூட்டி வந்தார்கள். வந்ததும் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். திமிங்கிலம் எவ்வளவு பெரிசு என்று மிக்கேல் அண்ணன் கேட்டார்.

"திமிங்கிலமா? நடுப்பலகைக் கயிறு அவுந்துபோச்சு. மோட்டார் இருந்த பாதியில நான். ஒத்தைப் பாதி நேராப் போவுமா? எண்ணெய் தீருற வரைக்கும் செக்கு மாடு மாதிரி ஒரே இடத்துல சுத்தினேன். யாராவது இந்தத் தூணை நிப்பாட்டுங்களேன்."

வியாகுலம் துள்ளி எழுந்தான். "கேட்டீங்களா! எண்ணெய் தீந்து, கடலை விட்டு ஏறி, கரைக்கு வந்த பொறவும் சுத்துது. இப்படி ஒரு மோட்டார் எந்த நாட்டுக்காரன்கிட்டயாவது இருக்கா?"

செலின் முந்தானையால் புருஷன் தலையைத் துவட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்:

"அடுத்த படகு செய்யுறதுக்கு முன்னாடி உனக்குன்னு ஒரு மச்சானைச் செஞ்சுக்கோண்ணே. இவரு எனக்கு வேணும்."