அஞ்சு வரிக்கு மூணு ஒப்புதல்

அறிவாளிகளுக்கு நாட்டில் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில், ஒரு மூன்றாவது மாடியில், ஒரே மேசையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்: ஞானசிகாமணி, மெர்லின், அபுதாகிர். அடுத்தவர் எழுதிய புரோகிராமைப் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுப்பது அவர்கள் வேலை. படித்துப் பார்த்தது உண்மை. ஒப்புதல் கொடுத்ததாகத்தான் யாருக்கும் ஞாபகம் இல்லை.

அது பில் அடிக்கிற குட்டி பிரிண்டர் செய்யும் கம்பெனி. கம்ப்யூட்டர் பேசுவது பிரிண்டருக்குப் புரியாதல்லவா, நடுவில் நின்று புரியவைக்கிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். அந்த டிரைவரில் யாரோ ஒரு புண்ணியவான், பில் முடிந்ததும் காகிதத்தை ஐந்து வரி தள்ளு என்பதற்குப் பதில் ஐந்நூறு வரி தள்ளு என்று எழுதிவைத்துவிட்டான். நாச்சிமுத்துவின் பதினெட்டு மிட்டாய்க் கடைகளிலும் கால் கிலோ மிக்சர் வாங்கினவர்கள், வேட்டி நீளத்துக்கு வெள்ளைக் காகிதத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

தீபாவளிக்குப் பத்து நாள். நாச்சிமுத்து போனில் கத்தினார்: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பார்ப்பேன். சரியாகலைன்னு வைங்க, பதினெட்டு மெஷினையும் டெம்போல ஏத்தி உங்க வாசல்ல கொட்டிருவேன், ஆமா!"

மேனேஜர் அனந்தநாராயணன், மகள் பிரசவத்துக்குத் திருநெல்வேலி கிளம்பும் அவசரத்தில் ஞானசிகாமணியைக் கூப்பிட்டார். "இது ஒழுங்கா முடிஞ்சா தலைவர் நாற்காலி உங்களுக்கு. முடியலைன்னா திரும்பவும் புகார் போன் சீட்டுக்குப் போயிருங்க" என்றார். ஞானசிகாமணி பதினோரு வருஷம் அந்தப் போன் சீட்டில் உட்கார்ந்து ஊரார் திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, போன மாசம்தான் எழுந்து வந்திருந்தார் மனுஷன். நாற்காலியில் சாய்ந்து பார்க்கிற சுகத்தை இப்போதுதான் பழகியிருந்தார்.

போகிற போக்கில் மேனேஜர் விதிகளையும் ஞாபகப்படுத்தினார். எழுதினவர் ஒப்புதல் தரக் கூடாது. எழுதாத மூன்று பேர் தர வேண்டும். தருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு திருத்தமாவது சொல்ல வேண்டும். சொன்னதைச் செய்தாக வேண்டும். கடையில் எப்படி ஓடுமோ அப்படியே ஓட்டிப் பார்க்க வேண்டும். விதிகள் நல்ல விதிகள்தான். கிடைத்த ஆட்கள்தான் அப்படி.

திங்கட்கிழமை காலை, புரோகிராம் எழுதுகிற பெண் அமுதவல்லி ஐந்நூறை ஐந்தாக மாற்றி அனுப்பினாள். நாலு நிமிஷ வேலை.

"நல்லா இருக்குன்னு சொல்லிரலாமா?" என்றார் அபுதாகிர்.

"அது கல்யாண வீட்ல சாப்பாட்டுக்குச் சொல்றதுங்க. திருத்தம் வேணும்" என்றார் ஞானசிகாமணி. ஒரு டீ குடித்து முடிக்கும்வரை திரையையே பார்த்தார். "அஞ்சுன்னா எதுக்கு அஞ்சு? ஆறாக்கிருங்க."

அமுதவல்லி ஆறாக்கினாள்.

"ஆறு இரட்டைப்படையாச்சே சார், மொய் வைக்கிறதுகூட நூத்தி ஒண்ணுதானே வைக்கிறோம்? ஏழு இருக்கட்டும்" என்றாள் மெர்லின்.

அமுதவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு ஏழாக்கினாள்.

அபுதாகிர் எச்சரிக்கையான மனிதர். வீட்டில் பழைய செருப்பைக்கூடத் தூக்கிப் போடாதவர். "பழைய ஐந்நூறை ஏம்மா அழிச்சே? நாளைக்கே யாராவது கேட்டா? அதுபாட்டுக்கு மேல ஓடிட்டிருக்கட்டும். கீழே புதுசு ஓடட்டும்."

"அப்ப ஐந்நூத்தி ஏழு வரி வருமுங்களே சார்!"

"ஏழு வரிதானேம்மா கூட" என்றார் ஞானசிகாமணி பெருந்தன்மையாக. திருத்தம் சொன்னால் செய்தாக வேண்டும். செய்தாள்.

புதன்கிழமை ஓட்டிப் பார்த்தார்கள். கடையில் எப்படியோ அப்படியே என்பதால் இரண்டு கிலோ மிக்சர் வந்தது, தராசு வந்தது. ஆபீஸ் முழுக்க வரிசையில் நிறுத்தப்பட்டது. மெர்லின் வாடிக்கையாளராக வந்து, "சில்லறை இல்லையா? என்ன கடை நடத்துறீங்க?" என்று சண்டை போட்டாள். பிரமாதமாகப் போட்டாள். பிரிண்டர் ஐந்நூற்றேழு வரி தள்ளி மேசையைச் சுற்றி, அபுதாகிரின் காலையும் சுற்றியது. மிக்சர் தீர்ந்த பிறகு ஞானசிகாமணி குறைகள் பட்டியலில் எழுதினார்: "காரம் கம்மி."

அமுதவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். "போனாப் போகுது, இதுக்காவது ஒப்புதல் குடுங்க சார். ஐந்நூறை அடுத்த தடவை எடுத்துக்கலாம்."

வியாழக்கிழமை அதற்குத்தான் கூடினார்கள். அபுதாகிர் கையைத் தூக்கினார். "எழுதினவங்க ஒப்புதல் தரக் கூடாது. இதுல ஏழு மெர்லினோடது, ஐந்நூறு என்னோடது. நாங்க எழுதினவங்க ஆயிட்டோமே!"

மேசையில் இடி விழுந்தது.

"அப்ப நானு?" என்றார் ஞானசிகாமணி.

"உங்க ஆறை மெர்லின் அழிச்சுட்டாங்க. நீங்க சுத்தமான ஆளு சார்."

ஆறு போனதில் ஞானசிகாமணிக்கு முதலில் மனசு கசந்தது. சுத்தமான ஆள் என்றதும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கணக்குப் பார்த்தால் அமுதவல்லியும் சுத்தம்தான்; அவளுடைய ஐந்தும் இப்போது இல்லையே. ஆக எழுதாதவர்கள் இரண்டு பேர். தேவை மூன்று பேர்.

"நான் வேணா ஏழை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றாள் மெர்லின், தியாகி மாதிரி.

வாங்கினாள். ஆறு திரும்பி வந்தது. உடனே ஞானசிகாமணி எழுதினவராகிவிட்டார். பதறிப்போய் அவரும் ஆறை வாபஸ் வாங்கினார். அபுதாகிர் பெருமூச்சுடன் ஐந்நூறை எடுத்துக்கொண்டார். திரையில் இருந்தது அமுதவல்லி திங்கட்கிழமை எழுதிய அதே ஐந்து.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "சார், இப்ப நீங்க மூணு பேருமே எழுதாதவங்க! ஒப்புதல் பட்டனை அமுக்குங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

ஞானசிகாமணி விரலைப் பட்டன்வரை கொண்டுபோனார். நிறுத்தினார். "திருத்தம் சொல்லாம எப்படிம்மா அமுக்கறது?"

"அதான் திங்கட்கிழமையே சொன்னீங்களே!"

"அதைத்தான் வாபஸ் வாங்கிட்டோமே" என்றார் அவர். திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "அஞ்சுன்னா எதுக்கு அஞ்சு? ஆறாக்கிருங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் இந்தச் சக்கரம் மூன்று தடவை சுற்றிவிட்டது. அமுதவல்லி கோபப்படுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "புள்ளைக்கு இப்பத்தான் வேலை புடிபட்டிருக்கு" என்றாள் மெர்லின்.

நாலு மணிக்கு ஞானசிகாமணி கடிகாரத்தைப் பார்த்தார். காதுக்குள் புகார் போன் மணி அடித்தது. அந்தப் பயத்தில்தான் மனுஷனுக்கு அந்த யோசனை பிறந்தது.

"எழுதினவங்க இருக்கறதாலதானே இவ்வளவு இழுபறி? யாருமே எழுதாம விட்டுட்டா?"

அபுதாகிர் எழுந்து நின்றுவிட்டார். மெர்லின் கை தட்டினாள். அமுதவல்லியின் ஐந்தையும் எடுத்துவிட்டார்கள். மாற்றம் எதுவுமே இல்லாத மாற்றம் ஒன்று திரையில் பளிச்சென்று நின்றது.

"யாரு எழுதினது?"

"யாருமில்லை!"

"திருத்தம்?"

மெர்லின் கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். "இன்னும் கொஞ்சம் சின்னதா இருந்திருக்கலாம்." மற்ற இருவரும் அதையே ஆமோதித்தார்கள்.

"செஞ்சாச்சு" என்றாள் அமுதவல்லி, கையைக் கட்டிக்கொண்டு.

பிரிண்டரை ஓட்டினார்கள். ஐந்நூறு வரி தள்ளியது. "பழைய மாதிரியே ஓடுது. ஒண்ணும் கெடலை!" என்று மூன்று பேரும் பட்டனை அமுக்கினார்கள். கம்பெனி வரலாற்றில் முதல்முறையாக ஒரு மாற்றம் ஏகமனதாக நிறைவேறியது. அபுதாகிர் ஜிலேபிக்குச் சொல்லியனுப்பினார்.

ஜிலேபி வருவதற்குள் மணி ஆறாகி, டெம்போ வந்துவிட்டது. நாச்சிமுத்து சொன்ன சொல் தவறாதவர். பதினெட்டு பிரிண்டரும் வாசலில் இறங்கின.

கொஞ்ச நேரத்தில் மேனேஜரின் போன். பேரன் பிறந்த சந்தோஷத்தில் இருந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஞானசிகாமணி ஜன்னல் வழியாக வாசலை எட்டிப் பார்த்தார். எண்ணிப் பார்த்தார். பதினெட்டு, சரியாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு பதில் சொன்னார்:

"முடிச்சாச்சுங்க சார். இனிமே பதினெட்டுக் கடையில ஒரு கடையிலகூட நீள பில் வராதுங்க. பில்லே வராதுங்க!"