முழங்காலில் மணல்

"இன்னும் எத்தனை தடவைதான் நடக்கணும், சிஸ்டர்? ஆண்டவருக்கு இன்னும் என்னதான் வேணும்?"

இஞ்ஞாசி போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் நின்ற பக்தர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சிஸ்டர் கித்தேரி கதவைச் சாத்தினார்.

கடற்கரையிலிருந்து மாதா கோவில் வரை கொதிக்கும் மணலில் முழங்காலால் நடந்து வருகிறவர்களுக்கு மருந்து போடுவது அவர்தான். இஞ்ஞாசியைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் ஒரு வருஷமாக, மனசு தாங்காதபோதெல்லாம் அவன் வந்து நின்றது அவரிடம்தான்.

"காலை நீட்டுங்கண்ணே."

இடுக்கியால் ஒவ்வொரு மணல் துகளாக எடுத்தார்.

"மாசம் ஒரு தடவை. இன்னிக்கோட பன்னிரண்டு. பாருங்க, தோலே இல்ல."

"மாதாவுக்கு உங்க முட்டித்தோல் எதுக்கு? செருப்புத் தைக்கவா?"

"கேலி பண்ணாதீங்க. சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணியாச்சு. அவர் பரிகாரமா ஒரே ஒரு ஜெபமாலைதான் சொல்லச் சொன்னார். பத்தாதுன்னு நானாத்தான் இதை எடுத்துக்கிட்டேன். நம்ம பாவத்தையெல்லாம் சேசுநாதர் சுமந்து தீர்த்துட்டார்னு சொன்னது நீங்கதானே? பின்ன ஏன் கண்ணை மூடினா பாறை வருது?"

"சாமியார்கிட்ட என்ன சொன்னீங்க?"

"சுக்கானைப் பிடிச்சபடியே தூங்கிட்டேன். படகு பாறையில மோதிடுச்சு. கூட வந்த தொபியாஸ் செத்துட்டான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"ஊர்ல வேற மாதிரில்ல பேசறாங்க. சுக்கான் பிடிச்சது தொபியாஸாம். குடிச்சிருந்தானாம். நேத்து சந்தையில அவன் பெண்டாட்டி பிலோமியோட மீன்கூடையை ஒருத்தி எட்டி உதைச்சா. குடிகாரன் பெண்டாட்டிக்கு இங்க இடமில்லன்னா."

இஞ்ஞாசி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். சிஸ்டர் விடவில்லை.

"விசாரணைல கேட்டாங்க, சிஸ்டர். பயத்துல, அவன்தான் சுக்கான் பிடிச்சான், குடிச்சிருந்தான்னு வாயில வந்துடுச்சு. செத்தவனுக்கு இனிமே என்ன வலிக்கப் போவுதுன்னு..."

"பிலோமி உங்களை வந்து பார்த்தாளா?"

"வீட்டுக்கே வந்தா. கால்ல விழுந்தா. 'எம் புருசன் உங்களையும் சேர்த்துக் கொல்லப் பார்த்தாரே அண்ணே, அவரை மன்னிச்சிடுங்க'ன்னு அழுதா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் தரையைப் பார்த்தான்.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னேன்."

சிஸ்டர் இடுக்கியைத் தட்டில் எறிந்தார். அது துள்ளிச் சுவரோரம் போய் விழுந்தது.

ஒரு வருஷத்தில் அவர் கோபப்பட்டு அவன் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் அவனுக்கும் தலைக்கேறியது.

"சரி! இன்னும் பன்னிரண்டு தடவை நடக்கிறேன். முதுகுல மரச்சிலுவையையும் கட்டிக்கிறேன். என் பாவத்தை நானே சுமந்துட்டுப் போறேன், போதுமா?"

"நீங்க எங்கண்ணே சுமந்தீங்க? ஒரு தப்பும் செய்யாத ஒருத்தர்தானே இன்னிக்கு வரைக்கும் அதைச் சுமந்துட்டிருக்கார்."

"அதைத்தானே நானும் சொல்றேன்! சேசுநாதர்..."

"நான் தொபியாஸைச் சொல்றேன்."