இரண்டாவது பின்னல்

குன்னூரில், ஒரு மார்கழி மாதத்தில், ஒரு வீட்டு பீரோவுக்குள் சில புடவைகள் குடியிருந்தன. வீட்டுக்காரி மங்கையர்க்கரசி, ஊரில் இருந்த ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆசிரியைகள் புடவைதான் கட்டிவர வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் விதி. ஆகவே பீரோவின் நடுத்தட்டு புடவைகளுக்கும், கீழ்த்தட்டு சுடிதார்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. மேல்தட்டில் பட்டுப்புடவைகள் கல்யாண மண்டபத்தைத் தவிர வேறு உலகம் அறியாமல் பாச்சை உருண்டை வாசனையில் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.

நடுத்தட்டின் அதிகாரம் அரக்கு நிறச் செட்டிநாட்டுப் பருத்தியிடம் இருந்தது. கஞ்சி போட்ட புடவை என்பதால் அதன் தமிழும் சற்று விறைப்பு. அதற்குப் பக்கத்தில் மஞ்சள் சுங்குடி, வாய் ஓயாது. அதற்கும் பக்கத்தில் நீல ஷிபான். எங்கே வைத்தாலும் நழுவும், பேச்சிலும்தான்.

மூன்றுக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. தனக்கென்று தைத்த ரவிக்கை இல்லாமல் எதுவும் வாசல் தாண்டாது. இதற்கு மேட்சிங் என்று பெயர். அகராதியில் அந்தச் சொல் இருக்கிறதோ இல்லையோ, பீரோக்களில் இருக்கிறது.

வெயில் காலத்தில் இந்தக் கொள்கையால் பெரிய தீங்கில்லை. மலைக்குளிரில் நிலைமை வேறு. துவைத்துப் போட்ட துணி, காய்வதா வேண்டாமா என்று நாள்கணக்கில் யோசிக்கும். ரவிக்கைகள் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியிலும் ஃபிரிட்ஜின் முதுகிலும் ஈரத்தோடு தொங்கின. புடவை தயாராக இருந்தால் அதன் ரவிக்கை ஈரம். ரவிக்கை காய்ந்துவிட்டால் புடவை இஸ்திரிக் கடையில்.

எனவே தினமும் காலையில் மங்கை பீரோவின் முன்னால் நின்றாள். அரக்கை எடுப்பாள், ரவிக்கையைத் தேடுவாள், கிடைக்காது. சுங்குடியை எடுப்பாள், அதன் ரவிக்கையைத் தொட்டுப் பார்ப்பாள், சில்லென்று இருக்கும். அடுப்பை அணைத்துவிட்டுச் சூடான தோசைக்கல்மேல் ரவிக்கையைக் காயவைத்த நாளும் உண்டு. அன்று முழுக்க வகுப்பில் வெங்காய வாசனை வந்தது.

அவளுடைய மகள் தாரிணி அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. இடுப்பு வரை முடி. இரட்டைப் பின்னலும் நீல ரிப்பனும் அங்கே கட்டாயம். அப்பா ஜெயசீலன் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து திரும்புவதற்குள் பள்ளிக்கூட பஸ் போய்விடும். ஆகவே பின்னல் அம்மாவின் பொறுப்பு. பீரோ தின்றதுபோக மிச்சமிருந்த காலைப்பொழுது ஒரு பின்னலுக்குத்தான் போதுமானதாக இருந்தது.

"அம்மா, இன்னொரு பக்கம்?"

"பஸ்ல பின்னிக்கலாம். வா, ஹாரன் அடிக்கிறாங்க பாரு."

பஸ்ஸில் நிற்கவே இடம் இருக்காது. ஒரு பக்கம் பின்னலும் மறுபக்கம் குதிரை வாலுமாக தாரிணி பள்ளிக்குள் போவாள். தலைமையாசிரியை பார்த்தும் பார்க்காததுபோல் சில நாள் விட்டார். புதன்கிழமை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"டீச்சர் பொண்ணே இப்படி வந்தா மத்தவங்களை நான் என்னன்னு கேக்கறது, மங்கை? முடியலைன்னா பாப் வெட்டிடுங்க. உங்களுக்கும் சிரமம் இல்ல."

அன்று மாலை மங்கை மகளிடம் விஷயத்தைச் சொன்னாள். சனிக்கிழமை பியூட்டி பார்லர் போகலாம். முடியைக் கழுத்து வரை வெட்டிவிடலாம்.

தாரிணி பென்சிலைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: "வெட்டினா மறுபடி வளருமா?"

"வளரும்டா தங்கம்."

"எப்போ?"

"நீ மூணாங்கிளாஸ் போறப்ப."

தாரிணி தன் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஹோம்வொர்க் முடியும்வரை அதை இடது கையால் பிடித்துக்கொண்டே எழுதினாள். மங்கை அதைப் பார்த்தாள். பிறகு சாதத்துக்கு அரிசி களைய எழுந்து போனாள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது சீப்பு. அது பீரோக் கண்ணாடியின் அடியில் இருந்த சிறு பலகையில் வசித்தது. கதவிடுக்கு வழியாக உள்ளே குரல் கொடுத்தது.

"உள்ளே யாருங்க? கொஞ்சம் காது கொடுங்க. சனிக்கிழமை குழந்தைக்கு முடி வெட்டப் போறாங்க."

"துயரச் செய்தி," என்றது அரக்கு. "ஆயினும் எமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?"

"உங்களாலதான் வெட்டறாங்க. தினமும் ரவிக்கை தேடியே நேரம் போகுது. நாளைக்கு ஒருநாள், நாளன்னிக்கு ஒருநாள், எந்த ரவிக்கை காஞ்சிருக்கோ அதோட கிளம்புங்க. நான் ரெண்டு பக்கமும் பின்னி முடிச்சுக் காட்டறேன்."

பீரோவுக்குள் ஒரு சலசலப்பு. சுங்குடிக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன பேச்சு பேசற? நான் மஞ்சள். நான் போய் ஷிபானோட நீல ரவிக்கையைப் போட்டுக்கவா? ஸ்டாஃப் ரூம்ல கிரேஸ் டீச்சர்னு ஒருத்தங்க இருக்காங்க, தெரியுமா? ஊக்கு நிறம் மாறினாக் கூடக் கண்டுபிடிச்சிடுவாங்க. அப்புறம் நம்ம மங்கை எங்க போய் முகத்தை வச்சுக்குவா?"

"எனக்கு ஆட்சேபம் இல்லப்பா," என்றது ஷிபான். "அரக்கு சம்மதிச்சா நானும் சம்மதம். அரக்கு சம்மதிக்காதுன்னு எனக்குத் தெரியும்."

"முடி மீண்டும் வளரும்," என்று அரக்கு தீர்ப்புச் சொன்னது. "நான்கு பேர் முன்னிலையில் போன மானம் வளராது."

கீழ்த்தட்டிலிருந்து ஒரு சுடிதார் மெதுவாகச் சொன்னது: "எங்களைப் போட விட்டா இந்தப் பிரச்சினையே இல்ல."

"நீ பேசாதே. விதியில் உனக்கு இடமில்லை," என்றது அரக்கு.

சீப்பு சோர்ந்துபோயிற்று. அப்போதுதான் கதவுக்குப் பின்னால் ஆணியிலிருந்து ஒரு கனத்த குரல் கேட்டது. பழுப்பு நிற ஸ்வெட்டர். பீரோவுக்குள் இடமில்லாமல் வெளியே தொங்கியதால் அதை யாரும் எந்தக் கூட்டத்துக்கும் அழைத்ததில்லை.

"நான் ஒண்ணு கேக்கலாமா? நாலு பேர் நாலு பேர்ங்கறீங்களே, எந்த நாலு பேரு?"

"ஸ்டாஃப் ரூம்ல இருக்கறவங்கதான்," என்றது சுங்குடி.

"வீட்டுல புடவை கட்டின உடனே என்னைப் போடறாங்க. குளிர் தாங்காம கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டுக்கறாங்க. கை மணிக்கட்டு வரைக்கும் இறங்குது. சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் என்னைக் கழட்டறாங்க. ஐப்பசியில ஆரம்பிச்சது. இந்த மூணு மாசமா உங்க ரவிக்கையைப் பார்த்த ஒரே ஆள் நான்தான். எனக்கு நிற பேதம் எல்லாம் கிடையாது."

பீரோவுக்குள் சுங்குடியும் ஷிபானும் அரக்கைப் பார்த்தன.

"பொய்," என்றது அரக்கு.

"சரி, பொய்யாவே இருக்கட்டும்."

"பிறர் பார்க்காவிட்டால் என்ன? உள்ளே பொருத்தமாக இருக்கிறது என்பது எமக்குத் தெரியுமல்லவா? ஒழுக்கம் என்பது அதுதானே?"

இந்த வாதத்தில் கனம் இருந்தது. ஒழுக்கத்தைப் பற்றி அரக்கு இன்னும் சிறிது நேரம் பேசியது. அதன் முடிவில், முடி வெட்டப்படுவது உறுதி என்று எல்லோருக்கும் புரிந்தது.

இவ்வளவையும் கேட்டு வாய் திறக்காமல் இருந்தது பீரோ. இரும்பு பீரோ. கல்யாணச் சீராக மங்கையோடு சமவெளியிலிருந்து மலை ஏறி வந்தது. யார் எதை வைத்தாலும் வாங்கிக்கொண்டு, யார் எதைக் கேட்டாலும் திறந்து கொடுத்தே பழகியது. கதவைச் சாத்திக்கொள்வது ஒரு பதில் என்று அதற்கு இதுவரை தோன்றியதே இல்லை. குளிரில் இரும்பு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பீரோ அந்த முறுக்கலை விடாமல் பிடித்துக்கொண்டது.

மங்கை கைப்பிடியைத் திருகினாள். திரும்பவில்லை. இடுப்பால் ஒரு இடி இடித்தாள். அது எப்போதும் வேலை செய்கிற வைத்தியம், இன்று செய்யவில்லை.

"உனக்கும் இன்னிக்குத்தானா?" என்று பீரோவை ஒரு உதை உதைத்தாள். கால்தான் வலித்தது.

வெளியே இருந்தது இவ்வளவுதான்: முந்தின நாள் இஸ்திரிக் கடையிலிருந்து வந்து நாற்காலியில் மடிப்பு கலையாமல் கிடந்த இன்னொரு புடவை, கத்தரிப்பூ நிறம்; அடுப்புக்கு மேலே கொடியில் ஒரே ஒரு காய்ந்த ரவிக்கை, கிளிப்பச்சை. கத்தரிப்பூவின் ரவிக்கை பீரோவுக்குள். கிளிப்பச்சையின் புடவையும் பீரோவுக்குள்.

மங்கை இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு உடுத்தினாள். தேடுவதற்கு எதுவும் இல்லாததால் சீக்கிரமாகவே உடுத்தி முடித்துவிட்டாள். தாரிணி பல் துலக்கிவிட்டு வந்து வாசலில் நின்றாள்.

"அம்மா, நீ கிளி மாதிரி இருக்க."

"வாய மூடு. ஸ்கூல்ல யார்கிட்டயும் சொல்லிடாத."

தாரிணி யோசித்தாள். கணக்கு டீச்சரின் மகள்.

"சொல்லாம இருந்தா, ரெண்டாவது பின்னலும் போடுவியா?"

மங்கை கடிகாரத்தைப் பார்த்தாள். நேரம் இருந்தது. இந்த மார்கழியில் முதல்முறையாக, நேரம் இருந்தது.

"உட்காரு," என்றாள்.

சீப்பு தன் வாழ்நாளில் இவ்வளவு நேராக ஒரு வகிடு எடுத்ததில்லை. இரண்டு பின்னல், இரண்டு ரிப்பன். மடித்துக் கட்டியும் ஹாரன் இன்னும் அடிக்கவில்லை. தாரிணி இரண்டையும் இரண்டு தோளிலும் முன்னால் போட்டுப் பார்த்துக்கொண்டாள். மங்கை ஸ்வெட்டரை மாட்டிக் கழுத்து வரை பொத்தான் போட்டாள். மேல் பொத்தானை இரண்டு முறை சரிபார்த்தாள்.

ஸ்வெட்டர் மேலேறி ரவிக்கை தெரிந்துவிடும் என்று, அன்று முழுக்க அவள் கரும்பலகையில் கையை முழுதாக உயர்த்தவில்லை. ஒரு பின்னக் கணக்கைப் பலகையின் கீழ்ப்பாதியிலேயே போட்டு முடித்தாள். மத்தியானம் ஸ்டாஃப் ரூமுக்கு டிபன் பாக்ஸோடு போனபோது கிரேஸ் டீச்சர் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தார். மங்கை மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"மங்கை, இந்தக் கத்தரிப்பூ உனக்கு எடுப்பா இருக்கு. மேட்சிங்கும் எப்பவும் கரெக்டா வச்சிருக்க. காலையில இருக்கற வேலையில உனக்கு எப்படித்தான் முடியுதோ."

மங்கை தயிர்சாதத்தை விழுங்கினாள். பிறகுதான் கிரேஸ் டீச்சரை நன்றாகப் பார்த்தாள். அவரும் கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தமிழ் டீச்சரும். அறிவியல் டீச்சர் போதாததற்கு மஃப்ளர் வேறு சுற்றியிருந்தார்.

"கிரேஸ் டீச்சர், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? நீங்க உள்ள என்ன கலர் ரவிக்கை?"

கிரேஸ் டீச்சர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத. எங்க வீட்டுக்காரரோட முழுக்கை பனியன். ரவிக்கையெல்லாம் தீபாவளியோட சரி."

"எத்தனை வருஷமா?"

"இந்த ஊருக்கு வந்ததுல இருந்து. அதுக்கு ஏன்டி இப்படிச் சிரிக்கற? தயிர்சாதம் மேல சிந்துது பாரு, துடை."

மங்கை மறுபடி மறுபடி சிரித்தாள். சாயங்காலம் பஸ்ஸில் மகளின் பின்னல் இரண்டும் அப்படியே இருப்பதைப் பார்த்து மறுபடியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து பீரோவைத் தொட்டாள். கைப்பிடி எதுவுமே நடக்காததுபோலத் திரும்பியது.

சனிக்கிழமை பார்லருக்கு யாரும் போகவில்லை. தாரிணி காலையிலேயே தயாராகி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். "செருப்பைக் கழட்டு," என்று மட்டும் சொல்லிவிட்டு மங்கை ரவிக்கைகளைத் தரம் பிரிக்க உட்கார்ந்தாள். கறுப்பு ஒன்று உட்பட, குளிருக்கு ஏற்ற கனமான இரண்டை வெளியே எடுத்து ஸ்வெட்டர் ஆணிக்குப் பக்கத்தில் மாட்டினாள். மற்றவற்றை மடித்துப் பட்டுப்புடவைகளோடு மேல்தட்டில் தூங்க அனுப்பினாள்.

திங்கட்கிழமை அரக்கு, கறுப்பு ரவிக்கையோடு கிளம்பியது. செவ்வாய்க்கிழமை சுங்குடி, அதே கறுப்போடு கிளம்பியது. வாசல்வரை புலம்பியது, பஸ்ஸில் மறந்துபோயிற்று. ஷிபான் தான் ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் சொன்னதாக எல்லோரிடமும் சொல்லியது.

வெள்ளிக்கிழமை காலை, மறுபடியும் தன் முறை வந்தபோது, அரக்கு ஸ்வெட்டரிடம் மெல்லக் கேட்டது. கஞ்சி கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"அப்படியானால் இத்தனை குளிர்காலமும் நாங்கள் யாருக்காகப் பொருந்திக்கொண்டிருந்தோம்?"

ஸ்வெட்டருக்குத் தெரியவில்லை. "சீப்பைக் கேளு, அதுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றது.

அரக்கு சீப்பைக் கேட்டது. சீப்பின் காதில் விழவில்லை. அது இரண்டாவது பின்னலில் இருந்தது.