வைரங்களுக்கு நடுவில் ஒரு துணுக்கு

"கையெழுத்துப் போடுங்க மேடம். அஞ்சு மணிக்கு ஆபீஸை மூடிடுவாங்க."

தேவசகாயம் ஆய்வேட்டை மேசையில் வைத்தார். கல்லூரி வாத்தியார், வயது நாற்பத்தெட்டு. ஏழு வருடமாகப் பகுதிநேர ஆய்வு மாணவர். அவருடைய நெறியாளர் மெஹருன்னிசாவுக்கு முப்பத்தாறுதான். மாணவரை "சார்" என்றுதான் கூப்பிடுவார். கேள்வி கேட்கும்போது அந்த மரியாதை ஒன்றுக்கும் உதவாது.

இன்றோடு கெடு முடிகிறது. தவறினால் பதிவு ரத்து.

"என்ன கண்டுபிடிச்சீங்க?"

"ரெண்டு வைரத்துக்கு நடுவுல ஒரு உப்புத் துணுக்கை வச்சு நசுக்கினேன். திருகாணியை எட்டாவது தடவை திருகி இறுக்கினதும் அதோட உள்ளமைப்பே மாறிடுச்சு. எக்ஸ்ரேல பளிச்சுனு தெரியுது. எல்லாம் அழுத்தம் பண்ணின வேலை."

"ஒவ்வொரு திருகலுக்கும் எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"எட்டு தடவையும் எடுத்தேன்."

"ஒவ்வொரு தடவையும் புதுத் துணுக்கா?"

"ஒரே துணுக்குதான். அதை உள்ளே உட்கார வைக்கவே ஒரு நாள் போயிடுது." அவர் குரலில் பெருமை ஏறியது. "எக்ஸ்ரே விழுந்ததும் ஒரே இடம்தான் மேடம். மயிரிழைகூட நகரலை."

மெஹருன்னிசா எடுத்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தத் துணுக்கு எங்கே?"

"பையில, கருவிக்குள்ள வைரங்களுக்கு நடுவுலயே இருக்கு. அழுத்தத்தைக்கூட இன்னும் குறைக்கலை. மேடம், மணி நாலரை."

அது காதில் விழாதவர் போல மெஹருன்னிசா அந்தக் கருவியை வாங்கி, மேசையிலிருந்த நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்.

"பாருங்க."

"எக்ஸ்ரே படத்துலதான் எல்லாம் இருக்கே மேடம்..."

"பாருங்க சார்."

தேவசகாயம் குனிந்தார். வெள்ளை உப்புத் துணுக்கு. நட்டநடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. சுற்றிலும் பழைய வெள்ளை, அப்படியே.

இப்படி ஒரு தரம்கூட அவர் அதைப் பார்த்ததில்லை.

"உள்ளே அழுத்தம் எங்கெல்லாம் இருக்கு?"

"எல்லா இடத்துலயும் ஒண்ணுபோலத்தான்."

"எக்ஸ்ரே எங்கே விழுந்துச்சு?"

அவர் நிமிரவில்லை. நெற்றியில் வேர்த்திருந்தது. இந்த அம்மாள் ஏன்தான் இதைக் கேட்டாளோ என்று ஒரு கணம் ஆத்திரம் வந்தது.

"கையெழுத்துப் போடட்டுமா சார்?"

தேவசகாயம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையால் துழாவி, ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் எக்ஸ்ரேல பார்த்த இடம் மட்டுந்தான் மேடம் மாறியிருக்கு."