வியாழக்கிழமை ராஜயோகம்

ஊராட்சித் தலைவர் மாசிலாமணி, ஜோசியரையும் கூட்டிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் அதட்டினார். "வியாழன் காலையில ராஜயோகம். அப்பவே ஆபரேஷன் பண்ணிப் பேரனை எடுத்துடுங்க!"

"சுகப்பிரசவமே ஆகும், சார்" என்ற டாக்டரம்மா பேச்சு எடுபடவில்லை.

கத்திக்குப் பயந்து கிடந்த மருமகள் செண்பகவல்லி மெதுவாகக் கேட்டாள். "யோகம் எப்ப வேலை செய்யும், ஜோசியரே?"

"பிறந்த நிமிஷமே! ஊரையே ஆளுவான்!"

"ஒரு ஊருக்கு ரெண்டு தலைவர் கிடையாதே. அப்ப மாமா எப்ப இறங்கணும்?"

மாசிலாமணி சட்டென்று டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "பிள்ளை தானாவே வரட்டும், டாக்டரம்மா. என்ன அவசரம்?"

சனிக்கிழமை சுகப்பிரசவம் ஆனது. நர்ஸ் வெளியே வந்ததும், ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்காமல் மாசிலாமணி ஜோசியரைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த நேரத்துக்கு யோகம் கீகம் எதுவும் இல்லையே?"