ஊர் எங்கே முடிகிறது?

குருவுக்கு முப்பத்து நாலு வயது. சீடருக்கு ஐம்பத்தொன்று. கதையே தலைகீழாக ஆரம்பிக்கிறதே என்று நினைக்க வேண்டாம். குருவுக்குத் தாடி இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

குருவின் பெயர் இன்பவல்லி. அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிற டீச்சர். சீடர் ஞானப்பிரகாசம் சார், அதே பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அதே பாடம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் வந்து, "எங்க ஊர்ல மட்டுமா?" என்று என்னைக் கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்ல எனக்கு வாய் கிடையாது.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று சொல்லிக்கொண்டு நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டவர்கள் நிறையப் பேர். ஞானப்பிரகாசம் சார் அந்த ரகம் இல்லை. அவர் வகுப்பில் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இன்பவல்லி டீச்சர் வகுப்பில் ஒரே கூச்சல், வாக்குவாதம். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டே வெளியே வருவார்கள். கேட்டுக் கேட்டு மனசு பொறுக்காமல், ஒருநாள் வராண்டாவில் டீச்சரை நிறுத்தினார்.

"டீச்சர், எனக்கும் சொல்லிக்குடுங்க. பிள்ளைங்க என் பாடத்துல தூங்குறாங்க."

தன்னைவிடச் சின்னவரிடம், மற்ற ஆசிரியர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது! எனக்கு அந்த இடத்திலேயே அந்த மனுஷன்மேல் மரியாதை வந்துவிட்டது.

"ப்ராஜெக்ட் ஏதாவது குடுத்திருக்கீங்களா சார்?"

"குடுக்காமலா? திங்கட்கிழமை எல்லாரும் பாராளுமன்றம் செஞ்சு கொண்டுவராங்க. நீங்களே வந்து பாருங்க."

திங்கட்கிழமை மேஜை கொள்ளவில்லை. எங்கே பார்த்தாலும் தெர்மாகோல் பாராளுமன்றம். வட்டமாக, தூணோடு, உச்சியில் கொடியோடு. பாதி, பஸ் ஸ்டாண்டு ஃபேன்ஸி ஸ்டோர்க்காரர் கைவண்ணம். மீதிப் பாதியில் அப்பாக்களின் கத்தியும் அம்மாக்களின் பசையும் தெரிந்தன. ஒரு பையன் உள்ளே பேட்டரி வைத்துச் சீரியல் லைட்டே போட்டிருந்தான்.

டீச்சர் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். லைட் போட்ட பையனிடம் கேட்டார்.

"இதுக்குள்ள என்னப்பா நடக்கும்?"

"லைட் எரியும் டீச்சர்."

ஞானப்பிரகாசம் சாருக்கு முகம் தொங்கிப் போயிற்று. அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஏட்டுச் சுரைக்காயாவது ஏட்டுல இருந்துச்சு. நான் அதைத் தெர்மாகோல்ல செய்ய வச்சுட்டேன். இப்ப என்னதான் செய்யட்டும்?"

"நம்ம ஊர்ப் படத்தை வரையச் சொல்லுங்க சார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இதென்ன பிரமாதம் என்று நினைத்துக்கொண்டார். மறுநாளே ஏழாம் வகுப்பை வரிசையாகக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கோயிலில் ஆரம்பித்து, குளக்கரை, ரேஷன் கடை, பால் சொசைட்டி, பஞ்சாயத்து ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று பிள்ளைகள் அடியளந்து குறித்துக்கொண்டே வந்தார்கள். வாய்க்கால் பாலம் வந்ததும் "போதும், திரும்பலாம்" என்றார். திரும்பினார்கள்.

நடந்துவந்த மூன்றாம் நாள், தூங்குமூஞ்சி ஏழாம் வகுப்பில் சண்டையே வந்துவிட்டது. குளம் பெரிசா, கோயில் பெரிசா என்று. சார் பூரித்துப் போனார். தலைமையாசிரியரும் எட்டிப் பார்த்துவிட்டு, "இருக்கிறதிலேயே நல்ல படத்தை ஆண்டு விழாவுக்காகப் பள்ளிக்கூடத்து முன் சுவத்துலயே வரைஞ்சிடலாம் சார், பெயின்டரைச் சொல்லிடுறேன்" என்றார். இத்தனை வருஷ வேலையில் ஞானப்பிரகாசம் சார் நடத்திய பாடம் ஒன்று வகுப்பைத் தாண்டி வெளியே வரப்போவது அதுதான் முதல் தடவை.

எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டது அபிநயா வரைந்த படம். அடடா, என்ன படம்! ரேஷன் கடை வாசலில் வரிசை நிற்கும் இடத்தைக்கூடப் புள்ளி வைத்துக் காட்டியிருந்தாள். ஆலமரத்தடியில் காலையில் எந்தப் பக்கம் நிழல், சாயங்காலம் எந்தப் பக்கம் என்று இரண்டு நிறத்தில் தீட்டியிருந்தாள்.

"உன் படம்தான் சுவத்துக்குப் போகுது" என்றார் சார்.

"ஆண்டு விழாவுக்கு எங்கம்மாவையும் கூட்டியாரலாமா சார்?"

"பின்ன? முன்வரிசையில உக்கார வை."

படத்தையும் அபிநயாவையும் கூட்டிக்கொண்டு நேராக டீச்சரிடம் போனார். இன்பவல்லி டீச்சர் அதை மேஜையில் விரித்து வெகுநேரம் பார்த்தார். நிழல் விழும் இடத்தைப் பார்த்து, "இது எனக்குத் தோணியிருக்காதுடி" என்று வாய்விட்டே சொன்னார். அப்புறம் கேட்டார்.

"உங்க வீட்டுக்கு எப்படிப் போகணும்?"

அபிநயாவின் விரல் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பியது. பாலத்துக்கு வந்தது. அங்கே தாள் முடிந்துவிட்டது. விரல் நிற்கவில்லை, தாளைத் தாண்டி மேஜைமேல் நகர்ந்து ஒரு இடத்தில் நின்றது.

"இங்க டீச்சர்."

"படத்துல காணுமே?"

"சார் ஊர்ப் படம்தானே வரையச் சொன்னாங்க? எங்க வீடு காலனில இருக்கு."

அவள் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குச் சரியான பதில் சொல்லும் பிள்ளையின் குரலில்தான் சொன்னாள். அதுதான் ஞானப்பிரகாசம் சாரைப் போட்டுப் பிசைந்தது. ஊர் என்றால் பாலத்துக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் காலனி. அந்தப் பக்கத்து மனிதர்கள் "ஊருக்குள்ள போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்வார்கள். இவரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். திருவிழாவில் சாமி சப்பரம் திரும்புகிற இடமும் அந்தப் பாலம்தான். அங்கே திரும்பு என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. கால் தானாகத் திரும்பியிருக்கிறது.

அபிநயா போன பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"ஒரு தாளை ஒட்டி அவங்க தெருவையும் சேர்த்திடவா டீச்சர்?"

"ஒட்டலாம். ஆனா யாரைக் கேட்டு ஒட்டுவீங்க சார்?"

"யாரைக் கேக்கணும்?"

டீச்சர் ஏழாம் வகுப்பு இருந்த பக்கம் பார்த்தார்.

சார் வகுப்புக்குப் போய்க் கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வியை எழுதிப் போட்டார். "நம்ம ஊர் எங்கே முடிகிறது?" பிள்ளைகள் ஊரைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டார்கள். பார்க்கிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டார்கள். டீக்கடைக்காரர் மகன் ஹரிஷ், வகுப்பிலேயே பெரிய வாயாடி, மறுநாள் பதில் சொல்ல அவன்தான் முதலில் எழுந்தான்.

"எங்கப்பா பாலத்தோட ஊர் முடிஞ்சுதுங்கறாரு சார்."

"பஸ் கண்டக்டர், காலனி ஸ்டாப்தான் கடைசி டிக்கெட்டுங்கறாரு" என்றாள் ஒருத்தி.

"வி.ஏ.ஓ. ஆபீஸ்ல கேட்டோம். எல்லைக்கல் காலனிக்கும் அந்தாண்ட வயல்ல இருக்காம். போய்ப் பாத்தோம், இருக்கு சார்! கோரைப்புல்லு மூடிக் கெடக்கு."

"பஞ்சாயத்துல காலனியும் ஒரு வார்டு."

ஹரிஷுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுபடியும் எழுந்தான். "ஓட்டுக்கு எல்லாம் ஒரே ஊர்தான் சார். சாமிக்குத்தான் வேற."

வகுப்பு சிரித்தது. சிரித்துவிட்டு, ஏன் சிரித்தோம் என்பதுபோல அடங்கிவிட்டது.

அபிநயா கடைசியாக எழுந்தாள்.

"எங்கம்மாவைக் கேட்டேன் சார். ரொம்ப நேரம் யோசிச்சாங்க. அப்புறம், 'உங்க சார் என்ன சொன்னாரு?'ன்னு கேட்டாங்க."

ஞானப்பிரகாசம் சார் சாக்பீஸை எடுத்தார், வைத்தார். "எல்லாரும் சேர்ந்து புதுசா ஒரு படம் வரையுங்க. எல்லைக்கல் வரைக்கும்" என்றார்.

வரைந்தார்கள். இந்தத் தடவை பாலத்தில் யாரும் திரும்பவில்லை. ஹரிஷ் முதன்முதலாகக் காலனித் தெருவில் நடந்தான், அபிநயா வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தான், குடித்ததை வீட்டில் போய்ச் சொல்லித் திட்டும் வாங்கினான். மறுநாளும் போனான், அவன் அளக்க வேண்டிய தெரு பாக்கி இருந்ததாம். கெட்டிக்காரப் பயல்!

டீக்கடையில் அந்தப் பேச்சு சூடாகி, தலைமையாசிரியர் காதுக்கு வந்தது. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் சண்டை என்ற சொல்லைக் கேட்டாலே காய்ச்சல் வந்துவிடும்.

"சார், படம் ரொம்ப நல்லா இருக்கு. நான் குறையே சொல்லலை. ஊரை முன் சுவத்துல வரைவோம். காலனியைப் பக்கத்துச் சுவத்துல தனியா, இதைவிட அழகாவே வரைவோம். ரெண்டு படம். யாருக்கும் மனவருத்தம் இல்ல பாருங்க."

கேட்பதற்கு என்ன இதமாக இருக்கிறது! ஞானப்பிரகாசம் சாருக்கும் இதமாகத்தான் இருந்தது. அந்த இதமே அவருக்கு உறுத்தவும் செய்தது. சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த டீச்சரிடம் வந்தார்.

"ரெண்டு படம்ங்கறார் டீச்சர்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. ஒரே படம்னு நின்னா நாளைக்கு நாலு பேர் வந்து சத்தம் போடுவாங்க. ரெண்டு படம்னா அந்தப் பொண்ணு அவங்கம்மாவை முன்வரிசையில உக்கார வச்சுட்டு, பக்கத்துச் சுவத்தைக் காட்டணும். எனக்கு ரெண்டுமே பயமா இருக்கு."

"ரெண்டு படம்னே பிள்ளைங்ககிட்ட சொல்லிப் பாருங்க சார்."

அவர் திகைத்துப் போனார். கடைசியில் இவரும் இப்படிச் சொல்லிவிட்டாரே என்று கோபம்கூட வந்தது. "நீங்களா இதைச் சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். வகுப்புல போய்ச் சொல்லுங்க."

பஸ் வந்தது. டீச்சர் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை வகுப்பில் சார் எழுந்து நின்றார். எதிரே புதுப் படம், இரண்டு மேஜையைச் சேர்த்துப் போட்டும் இடம் போதாமல் விரிந்து கிடந்தது. அதைச் சுற்றி அத்தனை தலைகள். தொண்டையைச் செருமினார்.

"பெயின்டர் நாளைக்கு வரார். சுவத்துல... அதாவது, இதையே வந்து... ரெண்டு... ரெண்டு படமா வரையலாம்னு..."

வாக்கியம் முடியவில்லை. பிள்ளைகள் அவர் முகத்தையே பார்த்தார்கள். அபிநயா தலை குனிந்து, பென்சில் சீவ ஆரம்பித்தாள்.

"ரெண்டுன்னா எப்படி சார்?" என்றான் ஹரிஷ்.

"ஊர் ஒண்ணு. காலனி ஒண்ணு."

ஹரிஷ் படத்தைப் பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். கணக்கு இடிக்கிற மாதிரி நெற்றியைச் சுருக்கினான்.

"அப்போ நாம எல்லாரும் படிக்கிற பள்ளிக்கூடத்தை எந்தப் படத்துல சார் வரையறது?"

அபிநயா பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பதில் தெரியாமல் ஒரு வாத்தியார் அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஞானப்பிரகாசம் சார் நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

"சார், பிள்ளைங்க ஒரு கேள்வி கேக்குறாங்க. எனக்குப் பதில் தெரியலை. நீங்க சொன்னா அப்படியே செய்யறேன்."

கேள்வியைச் சொன்னார். தலைமையாசிரியர் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். அங்கே எந்தப் பிள்ளை எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று தெரியாமல் ஒரே புழுதி.

"யாராவது வந்து கேட்டா நான் என்ன சார் சொல்லட்டும்?"

"இதே கேள்வியை அவங்களையும் கேளுங்க சார்."

தலைமையாசிரியர் பெயின்டருக்குப் போன் போட்டார். "பக்கத்துச் சுவரு வேண்டாம்ப்பா. முன் சுவரு முழுசும் எடுத்துக்க" என்றார். சொல்லும்போது குரல் நடுங்கியது. ஆனாலும் சொன்னாரே, அதற்காக அவருக்கும் ஒரு கும்பிடு.

அன்று மதியம் ஞானப்பிரகாசம் சார் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் இன்பவல்லி டீச்சரைத் தேடிக்கொண்டு வந்தார். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். டீச்சர் சிரித்துக்கொண்டே கேட்டார், ஹரிஷ் கேள்வி வந்த இடத்தில் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கட்டுமா டீச்சர்? அவன் அப்படிக் கேப்பான்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியாது சார்."

"அபிநயா ஏதாவது கேப்பான்னு?"

"அதுவும் தெரியாது."

"அப்புறம் எந்தத் தைரியத்துல என்னை உள்ள அனுப்புனீங்க? பிள்ளைங்க எல்லாரும் 'சரி சார்'னு சொல்லியிருந்தா?"

டீச்சர் அவரைப் பார்த்தார். சின்னவர் பெரியவரைப் பார்க்கும் மரியாதை அந்தப் பார்வையில் இருந்தது.

"ரெண்டு படம்னு சொல்றப்ப உங்களுக்கு வாய் குழறும்னு தெரியும். பிள்ளைங்களுக்கு அது போதும் சார்."