தார் பூசிய டின்கள்

அந்த மடத்தில் தினமும் நூறு பேருக்குச் சாப்பாடு. சமையலறையில் காலியாகும் பெரிய எண்ணெய் டின்களை யாரும் தூக்கி எறிவதில்லை. மேல்தகட்டை வெட்டி, அடியில் ஆணியால் நாலைந்து ஓட்டை போட்டு, மண் நிரப்பி மொட்டைமாடியில் வரிசையாக வைத்துவிடுவார்கள். கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் அதில்தான் காய்த்தன.

செடிகளுக்குக் காலையில் தண்ணீர் ஊற்றுவது சமையல்காரி செல்லக்கனி. அடுப்படியை விட்டு அவள் வெளிக்காற்றில் நிற்பது அந்த அரைமணி நேரம்தான். அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

மடத்துத் தலைவி ஞானாம்பிகைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் பசுபதிக்கு அறுபத்து மூன்று. முப்பது வருடம் கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானம் தேடித்தான் வந்தார். ஆனால் வந்த அன்றைக்கே, கூரையில் எங்கேயாவது ஓதம் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தார்.

குருபூஜைக்காக மாடிக்கு வெள்ளையடித்தார்கள். மறுநாளே டின்களுக்கு அடியிலிருந்து செம்மண் தண்ணீர் கோடு கோடாக வழிந்தது. பசுபதிக்குப் பொறுக்கவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒவ்வொரு டின்னாகச் சாய்த்து, அடியில் இருந்த ஓட்டைகளைத் தார் பூசி அடைத்தார். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கசியவில்லை. மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் வாரம் செடிகள் மஞ்சளாகின. பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

பந்தியில் யாரோ கேட்டார்கள். "என்ன, மாடித் தோட்டம் இப்படி ஆயிருச்சு?"

பசுபதிக்குத் தார் ஞாபகம் வந்தது. நன்றாகவே வந்தது. ஆனாலும் அவர் சொன்னது வேறு.

"செல்லக்கனி அளவு தெரியாம தண்ணி ஊத்துறா. வேர் அழுகாம என்ன செய்யும்?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். சாம்பார் வாளியோடு நின்ற செல்லக்கனிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அப்படித்தான் இருக்கும் சாமி" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். மறுநாளிலிருந்து அவள் மாடி ஏறவில்லை.

பத்து நாள் கழித்து ஞானாம்பிகை பசுபதியை மாடிக்கு அழைத்தார்.

"ஐயா, இந்த டின்னைக் கவுத்துங்க."

கவிழ்த்தார். கறுத்த சேறு தொப்பென்று விழுந்தது. குடலைப் புரட்டும் நாற்றம். டின்னின் அடித்தகடு வெயிலில் தெரிந்தது. தார் அப்படியே இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, நேர்த்தியான வேலை.

ஞானாம்பிகை குனிந்து அந்தத் தாரை விரலால் தொட்டுப் பார்த்தார். பசுபதிக்குக் காதெல்லாம் சுட்டது.

"நான்தான் அம்மா அடைச்சேன். அன்னைக்குப் பந்தியில செல்லக்கனி மேல பழி போடும்போதே எனக்குத் தெரியும்."

"ம்."

"வெக்கமா இருக்கும்மா. அவங்க வந்து சோறு போடும்போது நிமிர்ந்து பார்க்க முடியல."

"சரி."

"மூணு நாள் உபவாசம் இருக்கேன்."

"நீங்க பட்டினி கெடந்தா செல்லக்கனி அக்காவுக்கு என்ன கெடைக்கும்?"

பசுபதி காலி டின்னை நிமிர்த்தி வைத்தார்.

"எல்லா டின்னுக்கும் நானே ஓட்டை போடுறேன். புது மண்ணு போட்டு, புது நாத்து வெச்சுடுறேன்."

"வைங்க. செடிக்கு அது போதும்."

கீழே பந்திக்கு இலை போட ஆரம்பித்திருந்தார்கள். ஆட்கள் வந்து உட்காரும் பேச்சுச் சத்தம் மேலே கேட்டது.

"அப்போ, அவங்களைத் தனியாக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுடுறேன்."

"அன்னைக்குத் தனியாவா சொன்னீங்க?"

பசுபதி கையில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். குரல் இறங்கிவிட்டது.

"அத்தனை பேர் முன்னாலயாம்மா? இந்த வயசுல பெரிய அவமானமாப் போயிருமே."

"அது உங்க அவமானம்தான் ஐயா. பத்து நாளா அக்கா வெச்சிருக்காங்க. போய் வாங்கிக்கங்க."